அசனப் பந்தியில் கடைசி வரிசை

கேள்வி:

மதிப்பிற்குரிய ஐயரவாளுக்கு ஸ்தோத்திரம். எனக்கு 26 வயது. சாத்தான்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பள்ளிக்கூட ஆசிரியை. ஆறு வருடமாக எங்கள் சபையில் ஓய்வுநாள் பாடசாலை நடத்தி வந்தேன். அப்பா சேகரக் கமிட்டியில், அதாவது சுற்றுச் சபைகளின் நிர்வாகக் குழுவில், இருக்கிறார்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனைக் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்களே, அன்றைக்குப் பிடித்தது இந்தக் கலக்கம். எங்கள் ஓய்வுநாள் பாடசாலைக்கு வரும் பையன்கள் கையிலும் சாதிக் கயிறு இருக்கிறது. போன மாதம் ஆமோஸ் புத்தகம் நடத்தும்போது, ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் கையில் கிடந்த கயிற்றை எல்லோர் முன்னாலும் கத்தரிக்கோலால் வெட்டிவிட்டேன். அவன் பெரியப்பா கமிட்டியில் புகார் செய்தார். "இது சபை, கட்சி மேடை இல்லை. ஆத்தும ரட்சிப்பைச் சொல்லிக்கொடுத்தால் போதும்" என்று சொல்லி, என்னைக் கொஞ்ச நாள் ஓய்வெடுக்கச் சொல்லிவிட்டார்கள். அப்பா அந்தக் கூட்டத்தில் வாயே திறக்கவில்லை. வீட்டுக்கு வந்தபிறகு, "முற்போக்கு விசுவாசம்னு நீ பேசுததெல்லாம் வெளிநாட்டுச் சரக்கு. வேதத்தை விட்டு வெலகிப் போற" என்றார்.

எங்கள் சேகரத்தில் ஒடுக்கப்பட்ட மக்களின் கிளைச் சபை ஒன்று இருக்கிறது. பண்டிகைக்கு மட்டும்தான் அவர்கள் தாய்ச் சபையில் தலைகாட்டுவார்கள். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. ஜெபம் பண்ண முழங்கால் போட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது. என் விசுவாசம் தேய்கிறதா? இந்தச் சபையை விட்டுப் போய்விடட்டுமா? வீட்டில் மாப்பிள்ளை வேறு பார்க்கிறார்கள், "சி.எஸ்.ஐ., நம்ம ஆளுக" என்ற, அதாவது தென்னிந்தியத் திருச்சபையில் நம் சாதிக்குள்ளேயே என்ற, ஒரே நிபந்தனையோடு.

பெயர் வெளியிட வேண்டாம்.

பதில்:

மகளே,

எனக்கு எழுபத்து மூன்று நடக்கிறது, 'நீ' என்றே எழுதுகிறேன், தப்பாக நினைக்காதே. முப்பத்தைந்து வருடம் சேகரம் சேகரமாக மாறி ஊழியம் செய்து ஓய்வு பெற்ற குருவானவர் நான். உன் கடிதத்தை என் மனைவியிடம் வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு அவள் சொன்ன முதல் வார்த்தை, "கத்தரிக்கோலை எடுத்திருக்கப்பிடாது." நானும் அங்கேதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

கயிறு விஷயத்தில் நீ சொன்னது சரி. நாங்குநேரிச் சம்பவத்துக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு ஒருநபர்க் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றியில் அடையாளம் என்று சாதியைக் காட்டிக்கொண்டு மாணவர்கள் பள்ளிக்கு வரக் கூடாது என்பது அதன் பரிந்துரைகளில் ஒன்று. ஆக, கயிற்றைக் கண்டு பதறியது நீ மட்டும் இல்லை. ஆனால் பதினாலு வயசுப் பையனை, பெண்பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க, கையைப் பிடித்து வெட்டினால் அவன் மனதில் என்ன நிற்கும்? ஆமோஸ் தீர்க்கதரிசி நிற்கமாட்டார். டீச்சர் மானத்தை வாங்கிவிட்டாள் என்பதுதான் நிற்கும். அடுத்த வாரம் ஒன்றுக்கு ரெண்டாகக் கட்டிக்கொண்டு வருவான்.

ஒருமுறை திசையன்விளை பஸ் ஸ்டாண்டில் இப்படி ஒரு பையனிடம் பேச்சுக் கொடுத்தேன். கழுத்தில் சிலுவை, கையில் ரெண்டு நிறக் கயிறு. "ஏன்ல, சிலுவை போதாதா?" என்று கேட்டேன். அவன் சிரிக்கவில்லை. "சிலுவை எல்லார்ட்டயும் இருக்கு தாத்தா. இது இருந்தாத்தான் பஸ்ல நம்ம பயலுவ யாருன்னு தெரியும். அடி விழுந்தா வந்து நிப்பானுவ" என்றான். நான் அதுவரை கயிறு என்றால் திமிர் என்று மட்டும்தான் நினைத்திருந்தேன். குழந்தைக்குக் காத்துக் கருப்பு அண்டாமல் இருக்க அரைஞாண் கட்டுகிற மாதிரி, அந்தப் பையனுக்கு அது பயத்துக்குக் கட்டிய கயிறும்கூட. பயத்தை வைத்துக்கொண்டு கயிற்றை மட்டும் வெட்டி என்ன பிரயோஜனம்?

அதனால் அவன் வீட்டுக்குப் போ. கயிற்றைப் பற்றிச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்க வேண்டாம். எல்லோர் முன்னாலும் வெட்டியதற்குக் கேள். ரெண்டையும் குழப்பாதே. பெரியப்பாவிடம் போய்ப் பஞ்சாயத்துப் பேசாதே, பையனிடம் பேசு. யார் கட்டிவிட்டார்கள், என்றைக்குக் கட்டினார்கள், எங்கே போகும்போது அது தேவைப்படுகிறது என்று கேட்டுவிட்டுச் சும்மா இரு. அவன் சொல்லுவான்.

சரி, அப்பா சொன்ன வெளிநாட்டுச் சரக்குக்கு வருவோம். வாசித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. நம் ஊருக்குச் சுவிசேஷமே கப்பலேறித்தானே வந்தது! வந்த சரக்கில் எதை இறக்கிக்கொண்டோம், எதைக் கப்பலிலேயே விட்டுவிட்டோம் என்பதுதான் விஷயம்.

பாளையங்கோட்டையில் 1780-ல் எழுதிய சபைப் பதிவேட்டில் 40 பேர் இருந்தார்கள். பல சாதிக்காரர்கள். முதல் பெயர் குளோரிந்தா என்கிற பிராமண விதவையுடையது. மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் 1778-ல் ஞானஸ்நானம் கொடுத்த அம்மாள், சொந்தக்காரர்கள் ஒதுக்கிவைத்தவர். திருநெல்வேலித் திருச்சபை தொடங்கியது அந்த நாற்பது பேரோடு.

அப்புறம் முதலூர். இன்றைக்கு முதலூர் என்றால் மஸ்கோத் அல்வா ஞாபகம் வருகிறது. 1799-ல் அந்த ஊர் ஏன் பிறந்தது என்று உங்கள் ஓய்வுநாள் பாடசாலையில் எந்தப் பிள்ளைக்காவது தெரியுமா? கிறிஸ்தவர்களான பனையேறிக் குடும்பங்களைச் சொந்த ஊரில் இருக்கவிடாமல் அடித்து விரட்டினார்கள். போக்கிடம் இல்லை. பாளையங்கோட்டையில் இருந்த ஓர் ஆங்கிலேய ராணுவ அதிகாரியின் பண உதவியோடு தாவீது சுந்தரானந்தம் என்கிற உபதேசியார் நிலம் வாங்கி அவர்களைக் குடியேற்றினார். அதுதான் முதல் ஊர். பிற்பாடு மிஷனரி இரேனியஸ் ஐயர் காலத்தில், 1830-ல், தரும சங்கம் என்று ஒன்று வைத்தார்கள். துன்புறுத்தப்பட்டவர்கள் யாருக்கும் கைகட்டாமல் குடியிருக்க நிலம் வாங்கிக் கொடுப்பது அதன் வேலை. உங்கள் பக்கத்தில் எத்தனையோ கிறிஸ்தவக் கிராமம் இப்படி வந்ததுதான்.

இப்போது சொல். குடியிருக்க நிலம், அடிக்குப் பயப்படாத வாசல், பிள்ளைக்குப் பள்ளிக்கூடம். இதெல்லாம் ஆத்தும ரட்சிப்பா, சமூக நீதியா? அன்றைக்கு விரட்டப்பட்டவனைக் கேட்டிருந்தால் இந்தக் கேள்வியே அவனுக்கு விளங்கியிருக்காது. உன் அப்பா நின்றுகொண்டு உன்னைத் திட்டுகிற தரையே அப்படி வாங்கிய தரையாக இருக்கலாம். உங்கள் ஊர் எப்படி உண்டானது என்று அவரிடம் கேட்டுப் பார். சண்டைக்காகக் கேட்காதே. தாத்தாவுடைய தாத்தா கதையைக் கேட்கிற மாதிரிக் கேள்.

இதோடு நிறுத்தினால் நம் பெருமையை மட்டும் சொன்னவன் ஆவேன். கசப்பான பகுதியும் இருக்கிறது. சுவிசேஷம் நம் பக்கத்தில் தனித்தனி ஆளாகப் பரவவில்லை. மாமன், மச்சான், சித்தப்பா என்று உறவு வழியாகப் பரவியது. ஒரு தெருவே சேர்ந்து ஞானஸ்நானம் எடுத்தது. அடைக்கலமாக உண்டான கிராமங்கள் ஒரே சாதிக் கிராமங்களாகவே நின்றுவிட்டன. சபை என்றால் சொந்தம், சொந்தம் என்றால் சாதி. கல்லறைத் தோட்டம், கல்யாணம், கடைசியில் திருமண்டலத் தேர்தல் வரைக்கும் அந்தக் கணக்குத்தான் ஓடுகிறது. யாரும் ஒருநாள் உட்கார்ந்து திட்டம் போட்டுச் செய்த சதி இல்லை. அதனால்தான் உன் கமிட்டிக்காரர்களுக்கு அது சாதியாகவே தெரிவதில்லை, 'நம்ம சபை' என்றுதான் தெரிகிறது. நீ அதைச் சாதி என்று சொன்னால் குடும்பத்தைத் திட்டிய மாதிரிச் சுருக்கென்று படுகிறது. விரட்டப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் இன்னொருவனுக்கு வாசலை ஒருக்களித்து வைத்திருக்கிறோம். நான் 'நாம்' என்றுதான் எழுதுகிறேன், கவனி.

கத்தோலிக்கர்கள் பக்கம் வடக்கன்குளம் கதையை நீ கேள்விப்பட்டிருப்பாய். 1745-ல் தேவசகாயம் அங்கேதான் ஞானஸ்நானம் பெற்றார். சாதி பார்க்காமல் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்டவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். அதே ஊரில் 1872-ல் கட்டிய கோயிலுக்குள் நடுவே சுவர். வெள்ளாளருக்கு ஒரு பக்கம், நாடாருக்கும் மற்றவர்களுக்கும் இன்னொரு பக்கம், பீடம் மட்டும் பொது. 1910-ல் கௌசானல் சுவாமி அந்தச் சுவரை இடித்தார். வழக்குப் போட்டார்கள். சென்னை உயர்நீதிமன்றம் வரை போயும் தனி இடம் கேட்டவர்களுக்கு அந்த உரிமை கிடைக்கவில்லை. 2022 மே 15-ல் தேவசகாயத்தைப் புனிதராக அறிவித்தபோது பெயருக்குப் பின்னால் இருந்த 'பிள்ளை'யை வத்திக்கான் எடுத்துவிட்டது. சுவர் எழும்பியதும் கோயிலுக்குள்தான், விழுந்ததும் கோயிலுக்குள்தான். இடித்தவர் கட்சிக்காரர் இல்லை, பூசை வைக்கிற சாமியார்.

நம் சி.எஸ்.ஐ. கோயில்களில் அந்த மாதிரிச் சுவர் கிடையாது என்று நாம் மார்தட்டிக்கொள்வோம். சுவர் எங்கே இருக்கிறது என்று நான் கண்டுபிடித்த கதையைச் சொல்லுகிறேன்.

1980-களின் நடுவில் நான் புதிதாகப் பொறுப்பேற்ற ஒரு சேகரம். ஊர் வேண்டாம். பிரதிஷ்டைப் பண்டிகை முடிந்து அசனம், அதாவது சபை விருந்து. ராத்திரியெல்லாம் கோயிலுக்குப் பின்னால் விறகடுப்பு எரிந்தது. அண்டா அண்டாவாகச் சோறு, ஆட்டுக்கறிக் குழம்பு. எல்லோரும் ஒரே அண்டாச் சோற்றைத் தின்கிறோம் என்பதுதான் அசனத்தின் அழகு, உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காலை ஆராதனையில் ஐக்கியத்தைப் பற்றி நான் பிரசங்கம் பண்ணினேன், கமிட்டிக்காரர்களோடு முதல் பந்தியில் உட்கார்ந்தேன், வயிறாரச் சாப்பிட்டேன். கைகழுவப் போகும்போது வேப்பமரத்தடியில் ஒரு பாட்டியைப் பார்த்தேன். கிளைச் சபையில் கைப்பிடி அரிசி சேர்த்துக் கொண்டுவருகிற அம்மா, எனக்கு நன்றாகத் தெரியும். மடியில் ஓலைப்பெட்டி. சுற்றி அவர்கள் தெருப் பிள்ளைகள். "சாப்பிடலையா பாட்டி?" என்றேன். "நாங்க பொறவு சாப்பிடுதோம் ஐயரே. நீங்க போங்க" என்றார். அவர் முகத்தில் கோபம் இல்லை, வருத்தமும் இல்லை. மழை வரும் என்று சொல்கிற மாதிரி, இது இப்படித்தான் என்கிற தொனியில் சொன்னார். அன்றைக்கு ஐந்து பந்தி நடந்தது. அவர்கள் உட்கார்ந்தது ஐந்தாவது பந்தி. குழம்பில் கறி இல்லை.

அவர்கள் தனியாக உட்கார வேண்டும் என்று எந்தத் தீர்மானமும் கிடையாது. "யாரு ஐயரே தடுத்தது? அவுகளா லேட்டா வாறாவ" என்றுதான் யாரைக் கேட்டாலும் சொன்னார்கள். அவர்கள் காலை ஏழு மணியிலிருந்து அங்கே இருந்தார்கள்.

அந்தியோகியாவில் பேதுரு இதையேதான் செய்தார். முதலில் புறஜாதிக்காரர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார், எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் மெல்ல எழுந்து விலகிப் போனார். பவுல் அவரை முகத்துக்கு நேரே கண்டித்தார் என்று கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தில் இருக்கிறது. அப்பாவுக்கு அந்த அதிகாரம் மனப்பாடமாகவே தெரிந்திருக்கும். பந்தி விஷயத்துக்காக ஓர் அப்போஸ்தலன் இன்னோர் அப்போஸ்தலனோடு சபை நடுவில் சண்டை போட்டதை வேதத்தில் எழுதி வைத்திருக்கும்போது, அதைப் பேசினால் கட்சி மேடை ஆகிவிடும் என்பதை நான் எப்படி ஒத்துக்கொள்வது?

நான் பவுல் மாதிரி யாரையும் கண்டிக்கவில்லை, அவ்வளவு தைரியம் எனக்குக் கிடையாது. அடுத்த வருடம் அசனத்துக்கு முந்தின கமிட்டியில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னேன். "இந்த வருஷத்திலிருந்து ஐயர் கடைசிப் பந்தியில்தான் சாப்பிடுவேன்." ஐயருக்கு முன்னால் கமிட்டிக்காரர்கள் உட்காருவது மரியாதை இல்லை. செயலாளர் முகத்தைப் பார்த்தேன், மனக்கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அந்த வருடம் முதல் பந்தியில் யார் யாரோ உட்கார்ந்தார்கள், பாட்டியும் உட்கார்ந்தார். கடைசிப் பந்திக்கும் கறி இருந்தது. கமிட்டிக்காரர்கள் உட்காரப் போகிற பந்தி ஆயிற்றே!

நான் மாறிப் போன மறுவருடமே பழையபடி ஆகிவிட்டது என்று கேள்விப்பட்டேன். இதையும் உன்னிடம் மறைக்கக் கூடாது.

முற்போக்கு என்ற வார்த்தை அப்பாவைப் பயமுறுத்துகிறது. விட்டுவிடு அந்த வார்த்தையை. மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி இருக்கிறது, 1969-ல் தொடங்கியது. அங்கே பாடம் நடத்திய தியோபிலஸ் அப்பாவு, பரட்டை என்று பிள்ளைகள் கூப்பிடுவார்கள், 'ஒரே உலை' என்று திரும்பத் திரும்பச் சொல்லுவார். ஒரே உலையில் பொங்கிப் பகிர்ந்து தின்பதுதான் திருவிருந்து என்பது அவர் வாதம். 1980-களின் தொடக்கத்தில் ஏ.பி. நிர்மல் பெங்களூரில் தலித் இறையியல் என்று பேச ஆரம்பித்தார். இதையெல்லாம் படி, நல்லதுதான். ஆனால் அப்பாவிடம் போய் தலித் இறையியல் என்று ஆரம்பிக்காதே. அசனத்தைப் பற்றிப் பேசு. அசனம் அவருக்குப் புரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1976-ல் சி.எஸ்.ஐ. முதல்முதலாக ஒரு பெண்ணுக்குக் குருப்பட்டம் கொடுத்தபோது நான் இளைஞன். "இனி பொம்பளைகளும் அங்கி போடட்டும்" என்று கிண்டலடித்துச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். 2013-ல் நந்தியாலில் புஷ்ப லலிதா அம்மையார் பேராயர் ஆனார், நான் ஸ்தோத்திரம் பண்ணினேன். நடுவில் முப்பத்தேழு வருடம் போயிருக்கிறது. என்னை யாரும் கத்தரிக்கோலால் வெட்டித் திருத்தவில்லை. அப்பாவுக்கும் கொஞ்சம் காலம் கொடு. முப்பத்தேழு வருடம் கொடுக்க வேண்டாம், அது அநியாயம்.

அவர் கமிட்டியில் வாய் திறக்காதது உனக்கு வலிக்கிறது, தெரிகிறது. கடிதத்தில் அந்த ஒரு வாக்கியத்தில் மட்டும் மை அழுந்தியிருக்கிறது. ஒன்று யோசித்துப் பார். அவர் உனக்கு எதிராகவும் பேசவில்லையே? வீட்டில் கத்துகிற மனிதர் கூட்டத்தில் பேசாமல் இருந்தால், சில சமயம் அவருக்கே தான் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை என்று அர்த்தம்.

கோபத்தோடு முழங்கால் போடுவதைப் பற்றிக் கேட்டிருந்தாய். போடு. சங்கீதத்தில் பாதி அப்படித்தான் இருக்கிறது. நீ நடத்திய ஆமோஸில், பாட்டுகளின் இரைச்சலை என்னைவிட்டு அகற்று என்று ஆண்டவரே கோபப்படுகிறார். அடுத்த வசனத்தில் நீதி வற்றாத நதியைப் போல வரட்டும் என்கிறார். அந்த 'வற்றாத' என்கிற வார்த்தை பாலஸ்தீனத்தில் வாழ்ந்தவனுக்குத்தான் உறைக்கும், அங்கே பெரும்பாலான ஆறு மழைக்கு மட்டும் ஓடும். உனக்கும் உறைக்கும். உங்கள் கருமேனியாறும் அப்படித்தானே? தாமிரபரணிக் கரைக்காரனுக்கு இந்த வசனத்தில் பாதிதான் விளங்கும். விசுவாசம் தேய்கிறதா என்று கேட்டாய். தேய்ந்த விசுவாசம் இப்படிக் கோபப்பட்டு எனக்கு நாலு பக்கம் எழுதாது. ஆனால் கோபம் மட்டும் வருகிறது, ஸ்தோத்திரமே வரவில்லை என்றால் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அப்பா நடத்துகிற குடும்ப ஜெபத்தை விட்டுவிட்டாயோ என்று ஒரு சந்தேகம் எனக்கு. விட்டிருந்தால் திரும்பப் போய் உட்கார்.

இனி, உனக்குக் கொஞ்சம் கசக்கும். கிளைச் சபையைப் பற்றி எழுதியிருக்கிறாய். மூன்று தடவை வாசித்தேன், அங்கே இருக்கிற ஒரு ஆளைக்கூட உன் கடிதத்தில் காணோம். ஒரு சிநேகிதி, ஒரு பாட்டி, ஒரு பையன், யாரும் இல்லை. ஆறு வருடம் ஓய்வுநாள் பாடசாலை நடத்தியவள் அந்தத் தெருவில் எந்த வீட்டிலாவது உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடித்திருக்கிறாயா? அவர்களுக்காகப் பேசுவதற்கு முன்னால் அவர்களோடு பேச வேண்டாமா? நம்மைப் போலப் படித்து நியாயம் பேசுகிறவர்களுக்கு உள்ள வியாதி இது. கமிட்டிக்காரர்கள் அவர்களை ஐந்தாம் பந்தியில் வைத்தால், நாம் பேச்சில் ஓர் உதாரணமாக வைத்துவிடுகிறோம்.

போனால் ஒரு விஷயம் உன் காதில் விழும், அதற்குத் தயாராகப் போ. அங்கே சிலருக்குச் சபைப் பதிவேட்டில் ஒரு பெயர், சர்டிபிகேட்டில் இன்னொரு பெயர் இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வருவார்கள், சான்றிதழில் இந்து என்றிருக்கும். தாய்ச் சபையில் இதை வைத்துத்தான் குத்துவார்கள், சலுகைக்காக இயேசுவை மறுதலிக்கிற கூட்டம் என்று. குத்துகிறவர்களுக்குச் சட்டம் தெரியாது. 1950 ஆகஸ்ட் 10-ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துவாக இருந்தால்தான் பட்டியல் சாதி. 1956-ல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990-ல் பௌத்தரைச் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் வெளியே. தமிழ்நாட்டில் கிறிஸ்தவரான ஆதிதிராவிடர் பி.சி. பட்டியலில்தான் வருவார். தெருவில் கிடைக்கிற அவமானம் அப்படியே தொடரும், ஆனால் எஸ்.சி. இடஒதுக்கீடு போய்விடும், வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் எட்டாது. சாதியைக் காட்டி ஒதுக்குகிற சபைக்காரனுக்கு ஞானஸ்நானத்தால் ஒரு நஷ்டமும் இல்லை, ஒதுக்கப்படுகிறவனுக்குப் பிள்ளையின் காலேஜ் சீட்டே போகிறது. இப்போது யாரை மறுதலிக்கிறவன் என்பது? 2022-ல் இதை ஆராய முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஆணையம் போட்டார்கள். 2023 ஏப்ரல் 19-ல் தமிழ்நாடு சட்டமன்றம், கிறிஸ்தவரான ஆதிதிராவிடருக்கும் அந்த உரிமை வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றியது. நம் கோயில்களில் எத்தனையில் இதற்காக ஒரு ஞாயிறு ஜெபம் ஏறெடுத்தார்கள்? நவம்பர் இரண்டாம் ஞாயிறைத் தலித் விடுதலை ஞாயிறாக அனுசரிக்கச் சொல்லித் திருச்சபைகளின் தேசிய அளவிலான அமைப்புகளே அழைப்பு விடுக்கின்றன. உங்கள் சேகர குருவானவரிடம் போய் அந்த ஒரு ஞாயிறை மட்டும் கேள். ஓய்வுநாள் பாடசாலையைத் திரும்பக் கேட்பதைவிட அது முக்கியம், கிடைப்பதும் சுலபம்.

கல்யாணத்தைப் பற்றி ஒரு பத்தியில் சொல்லிவிட முடியாது, இருந்தாலும் ரெண்டு வார்த்தை. கொள்கைக்காக ஒருவரைக் கட்டிக்கொள்ளாதே, சாதிக்காகவும் கட்டிக்கொள்ளாதே. மனதுக்குப் பிடித்தவர் யாராவது இருந்தால் அதைக் கோபத்தில் போட்டு உடைக்காமல், முதலில் அம்மாவிடம் சொல். இல்லையென்றால், வருகிற மாப்பிள்ளையிடம் அசனத்தில் எந்தப் பந்தியில் சாப்பிடுவார் என்று கேட்டுப் பார், பாதி விஷயம் தெரிந்துவிடும். நிலைமை மிரட்டல், அடைத்துவைத்தல் என்று போனால் மட்டும் ஐயருக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்காதே, பெண்கள் உதவி எண் 181-க்குப் போன் போடு.

சபையை விட்டுப் போகட்டுமா என்றால், இப்போது வேண்டாம் என்பேன். போகக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை. எங்கே போவாய்? டவுனில் புதுச் சபைக்குப் போனால் அங்கே யாரும் உன்னைச் சாதி கேட்கமாட்டார்கள், உண்மைதான். ஆனால் உங்கள் ஊர் ஐந்தாம் பந்தி அப்படியே இருக்கும், அதைப் பார்த்துப் பதறுகிற ஒரு ஆள் மட்டும் குறைந்துபோவாள். ஒரு வருடம் இரு. கிளைச் சபையில் போய் உட்கார், பின் பெஞ்சில். அவர்கள் கேட்டால் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்து, கேட்காவிட்டால் சும்மா ஆராதனைக்கு மட்டும் போய்விட்டு வா. பிறகும் மூச்சு முட்டினால் திரும்ப எழுது, அப்போது வேறு மாதிரிப் பேசுவோம்.

அந்தப் பையன் வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை கோயில் கலைந்த கையோடு போகாதே. கமிட்டிக்காரர்கள் பார்த்தால் டீச்சர் காலில் விழுந்துவிட்டாள் என்று கதை கட்டிவிடுவார்கள், பையனுக்கும் சங்கடம். சனிக்கிழமை சாயங்காலம், விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போ. அவன் அம்மா காப்பி கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக் குடி.